மூன்று பேருக்கு ஒரு நுண்ணோக்கி

கடலூர் முதுநகருக்கு அருகில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். நான் பணியில் சேர்ந்தபோது ஆய்வகத்தில் நான்கு நுண்ணோக்கிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றில் மட்டுமே உருவம் தெளிவாகத் தெரிந்தது. செய்முறை வகுப்பன்று வெங்காயத் தோலை ஸ்லைடில் வைத்து, நானே குவியத்தைச் சரிசெய்துவிட்டு விலகி நிற்பேன். 42 மாணவர்களும் வரிசையில் வந்து, ஆளுக்குச் சில நொடிகள் குனிந்து பார்த்துவிட்டு, பாடநூலில் உள்ள படத்தை ரெக்கார்டு நோட்டில் வரைந்துகொள்வார்கள். தன் இமை மயிரின் நிழலைச் செல் என்று நம்பிய பிள்ளைகளும் உண்டு. அவர்கள்மீது குற்றமில்லை. நுண்ணோக்கியில் பார்ப்பது கைப்பழக்கத்தால் வருவது. திருகைத் தானே திருப்பி, மங்கலாக இருந்த உருவம் தெளிவதை ஒருமுறையாவது கண்டறியாத பிள்ளைக்கு அது வருவதே இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினேன். முன்னாள் மாணவர்கள் சிலர் பணம் திரட்டித் தந்தார்கள். நாங்கள் விசாரித்த கடையொன்றில், கேமரா பொருத்திய பெரிய நுண்ணோக்கி ஒன்றை வாங்கித் திரையில் காட்டினால் வகுப்பு முழுவதும் பார்க்கலாமே என்றார்கள். திரையில் காட்டுவதற்குக் காணொளியே போதும். பிள்ளைகளின் கைக்குக் கருவி வர வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அதே தொகையில் எளிய நுண்ணோக்கிகள் 14 வந்தன. மூன்று பேருக்கு ஒன்று.

தேர்ந்தெடுக்கும்போது கவனித்தவற்றைச் சொல்கிறேன். வேறு பள்ளிகளுக்குப் பயன்படலாம். 10 மடங்கு கண்ணருகு லென்ஸும், 4, 10, 40 மடங்குப் பொருளருகு லென்ஸுகளும் இருந்தால் 400 மடங்கு வரை பார்க்கலாம். இலைத்துளை, கன்னத்தின் உட்புறச் செல், செம்பருத்தியின் மகரந்தம், ஒருசெல் உயிரியான பாரமீசியம் ஆகிய அனைத்துக்கும் அது போதும். 100 மடங்கு லென்ஸுக்கு எண்ணெய் இட வேண்டும். எண்ணெயைத் துடைக்காமல் விட்டு லென்ஸ் பாழாவதே பள்ளிகளில் மிகுதி என்பதால் அதைத் தவிர்த்தோம். பெட்டியில் 2000 மடங்கு என்று அச்சிட்டு விற்கும் மலிவான கருவிகளை நம்ப வேண்டாம். ஒளியின் அலைநீளமே ஓர் எல்லையை வகுத்துவிடுவதால், ஏறத்தாழ 0.2 மைக்ரானைவிட (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நெருங்கிய இரண்டு புள்ளிகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட இயலாது. அதற்குமேல் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும். மின்வெட்டு நேரத்திலும் வகுப்பு நடக்க வேண்டும் என்பதற்காக, மின்விளக்குக்குப் பதிலாக வெளிச்சத்தைத் திருப்பிவிடும் கண்ணாடி பொருத்திய வகையையே வாங்கினோம். ஆனால் அந்தக் கண்ணாடியை நேரடி வெயிலுக்குத் திருப்பினால் கண்ணுக்குத் தீங்கு. சன்னல் வழியே தெரியும் வானத்தின் வெளிச்சமே போதுமானது என்பதை முதல் நாளே கண்டிப்புடன் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊரில் வாங்குவதைவிடக் காப்பதே கடினம். பழுதான மூன்று நுண்ணோக்கிகளைப் பிரித்துப் பார்த்தபோது, லென்ஸின் உட்புறத்தில் சிலந்தி வலையைப்போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. உப்புக்காற்றில் திருகுகள் துருப்பிடித்திருந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில், மூடிய மரப்பெட்டிக்குள் ஈரம் தங்கியதுதான் காரணம். இப்போது அலமாரியில் ஈரத்தை உறிஞ்சும் நீலநிறச் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி வைத்திருக்கிறோம். ஈரம் ஏறினால் அது இளஞ்சிவப்பாக மாறும். இரும்புச் சட்டியில் மிதமாகச் சூடாக்கினால் மீண்டும் நீலமாகிவிடும். திங்கட்கிழமைதோறும் நிறத்தைப் பார்ப்பது பதினோராம் வகுப்பு மாணவர் இருவரின் பொறுப்பு.

சென்ற மாதம், துறைமுகப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி உப்பனாற்று நீரைப் புட்டியில் எடுத்து வந்தாள். மெல்லிய துணியில் வடித்து, துணியில் தங்கியதை ஒரு சொட்டு நீரில் கலந்து ஸ்லைடில் விட்டு, அவளே திருகைத் திருப்பினாள். நீண்ட உணர்கொம்புகளை வீசி நீந்தும் கோப்பிபாட் என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிரி ஒன்று பார்வைக்குள் வந்தது. அருகே கண்ணாடிச் சில்லுபோல டயாட்டம்கள் என்னும் நுண்பாசிகள். மத்தி மீனின் உணவு இவைதாம் என்றேன். அவளுடைய தந்தை மீன்பிடித் தொழில் செய்பவர். நிமிர்ந்து பார்த்து, "டீச்சர், அப்பாவை ஒருநாள் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். தலைமை ஆசிரியரிடம் அனுமதி பெற்றுவிட்டேன். வரும் சனிக்கிழமை பிற்பகல் ஆய்வகம் பெற்றோருக்காகத் திறந்திருக்கும்.