ஒட்டாவாவில் பனிக்காலப் பயிலுநர் வேலை: திருமலையிலிருந்து போகிறவர்களுக்கு

ஜனவரியில் பயிலுநராகச் சேர கனடாவின் ஒட்டாவா போகும் எங்கட ஊர்ப் பிள்ளைகள் முதலில் தேடுவது தடிப்பான உடுப்பைத்தான். தேவைதான். ஆனால் அங்கே ஆளை விழுத்துவது குளிரைவிட ஈரம். உள்ளே வியர்த்த ஈரம், சப்பாத்துக்குள் இறங்கிய ஈரம், காயாத தலைமுடி. இந்த மூன்றையும் கவனித்தால் மைனஸ் 20 இலும் வேலைக்குப் போய் வரலாம்.

உடுப்பு மூன்று அடுக்கு. உடம்போடு ஒட்டி மெல்லிய பொலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி உள்ளுடுப்பு, மேலும் கீழும். பருத்தி பெனியன் வேண்டவே வேண்டாம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நடுவில் ஃபிளீஸ் அல்லது கம்பளி. நுவரெலியாவில் வாங்கிய சுவெட்டர் இந்த இடத்துக்குச் சரி, வெளி உடுப்பாகச் சரிவராது. காற்று அதற்குள்ளால் போகும். வெளியே, தொடை வரை இறங்கும், காற்றுப் புகாத, தொப்பி வைத்த ஜக்கெட். வல்யூ வில்லேஜ் போன்ற பழைய உடுப்புக் கடைகளில் நல்ல ஜக்கெட் மலிவாகக் கிடைக்கும். சப்பாத்தை மட்டும் பழசாக வாங்காதீர்கள். அடி இறப்பர் இறுகி வெடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் மட்டும் உள்ளே வரும்.

வீட்டிலிருந்து இறங்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். இறங்கும்போதே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிட நடையில் வியர்க்கும். பஸ்ஸில் ஏறியதும் சிப்பைத் திறந்து, தொப்பியையும் கழற்றிவிடுங்கள். உள்ளே ஹீட்டர் நல்ல சூடு.

சப்பாத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதிகம் பேர் காசை வீணாக்குவது இதில்தான். வழமையான அளவைவிட அரை அளவு பெரிதாக எடுங்கள், தடித்த மேசு போட்டுப் பார்த்து. இரண்டு மேசு போட்டு இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல் கூடுதலாக விறைக்கும். உள்ளுறை கழற்றக்கூடியதாக இருந்தால் நல்லது. இரவில் உள்ளுறையை வெளியே எடுத்து, சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து வையுங்கள். ஹீட்டருக்கு மேல் வைத்தால் பசை விட்டுப்போகும், தோல் வெடிக்கும். வீதி உப்பு காய்ந்து வெள்ளைக் கோடாக நிற்கும். வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்தால் போகும். அலுவலகத்தில் போட வேறு சப்பாத்தைப் பையில் கொண்டுபோங்கள்.

மைனஸ் 20 இல் விழுந்த பனி நிலாவெளி மணல் மாதிரி, தட்டினால் உதிரும். மைனஸ் 2, 3 நாட்களில்தான் அவதானம் வேண்டும். வீதிக்குப் போடும் உப்பு பனியைக் கரைத்துச் சேறாக்கும். அந்தச் சேறு நடைபாதை ஓரத்தில் தேங்கும். பார்க்கத் தட்டையாக இருக்கும், கால் வைத்தால் கணுக்காலுக்கு மேல் போகும். பனி வழிக்கும் வாகனம் போன பிறகு சந்திகளில் வரம்பு கட்டினதுபோல் பனி குவிந்தும் கிடக்கும். ஆட்கள் ஏற்கனவே மிதித்த தடத்தில் கால் வையுங்கள். மைனஸ் 10 ஐத் தாண்டினால் உப்பு பெரிதாக வேலை செய்யாது.

வெப்பநிலையை மட்டும் பார்த்து வெளியே இறங்கக்கூடாது. மைனஸ் 15 இல் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 26 ஆக உறைக்கும். காற்றோடு சேர்த்த இந்தக் கணக்கு மைனஸ் 28 க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். மூக்கு நுனி, காது மடல், விரல் நுனி வெளிறி உணர்விழந்தால் தேய்க்காதீர்கள், ஹீட்டரில் காட்டாதீர்கள். உள்ளே போய், விரலை 37–39 பாகை வெந்நீரில் வையுங்கள்; மூக்குக்கும் காதுக்கும் சூடான உள்ளங்கை போதும். உணர்வு திரும்பாவிட்டால், கொப்புளம் போட்டால் உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

காலையில் தலைக்குக் குளிக்கும் பழக்கத்தை இரவுக்கு மாற்றுங்கள். ஈரமான நீள முடி பஸ் வருவதற்குள் விறைத்துவிடும். கொண்டுபோகும் தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும், அறையிலேயே கட்டியாகத்தான் இருக்கும். வாயகன்ற போத்தலில் போட்டுக் கொண்டுபோங்கள். ஹீட்டர் காற்று வறண்டது. தோல் வெடிக்கும், சிலருக்கு மூக்கால் இரத்தமும் வரும். குளித்தவுடன் தோல் ஈரமாக இருக்கும்போதே வஸலின் பூசினால் நிற்கும்.

வாடகை அறையில் பகலில் குறைந்தது 20 பாகை சூடு தருவது வீட்டுக்காரரின் கடமை. தராவிட்டால் 311 க்கு அழைத்து மாநகரசபையிடம் முறையிடலாம். பேஸ்மென்ட் அறை எடுப்பவர்கள் முற்பணம் கொடுக்க முதலே ஹீட்டரைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கடும் பனி கொட்டும் நாளில் வீட்டிலிருந்து வேலை செய்யலாமா என்று முதல் கிழமையே மேற்பார்வையாளரிடம் கேட்டுவையுங்கள். பனி கொட்டும் காலையில் கேட்டால் பதில் வர நேரமெடுக்கும். டிசம்பரில் பின்னேரம் 4.20 அளவில் சூரியன் மறைந்துவிடும், ஆகவே மதிய இடைவேளையில் கால் மணிநேரமாவது வெளியே நடவுங்கள். இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு அழைத்தால் திருமலையில் மறுநாள் காலை ஆறரை, அம்மா எழும்பியிருப்பா.

உறைமழை வேறு விதம். 1998 ஜனவரியில் ஒட்டாவா, மொன்றியல் பக்கம் மின்கம்பங்களையே சாய்த்தது இதுதான். விழும் மழை நிலத்தில் பட்டதும் கண்ணாடியாக உறையும். அன்றைக்குச் சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்புப் பல் வேண்டும். அடியைச் சின்னச் சின்னதாக வைத்து, கையைப் பொக்கற்றுக்கு வெளியே விட்டு நடவுங்கள். அலுவலக வாசலிலேயே பல்லைக் கழற்றிவிடுங்கள். மாபிள் தரையில் அதுவே வழுக்கி விழுத்தும்.