எக்ஸ்ரேயில் தெரியாத இரண்டு எலும்புகள்

கழுத்தில் அடிபட்டவருக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து "நார்மல்" என்று சொன்னால், அதை நம்பி உடனே வீட்டுக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள். என் அக்கா மகனுக்கு அப்படித்தான் சொன்னார்கள். அவன் இன்று கைகால் அசைத்து நடமாடுவது முழுக்க அதிர்ஷ்டம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பையனுக்குப் பதினேழு வயசு, கோல்கீப்பர். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு போட்டியில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது எதிரணிப் பையனின் முழங்கால் உச்சந்தலையில் இடித்துவிட்டது. எழுந்து கடைசிவரை ஆடினான். பயிற்சியாளர் தட்டிக்கொடுத்து, இங்கிலாந்தின் 1956 எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியில் கழுத்து முறிந்தும் ஆடி முடித்த மான்செஸ்டர் சிட்டி கோல்கீப்பர் பெர்ட் டிராட்மேன் கதையைச் சொன்னாராம். அந்தக் கதையின் பாதியை யாரும் சொல்வதில்லை. டிராட்மேனின் மூன்றாவது கழுத்தெலும்பு இரண்டாவதோடு சேர்ந்து இறுகிக்கொண்டதால்தான் அவர் உயிர் தப்பினார். சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்த பிறகே முறிவு தெரிந்தது. பையன்களுக்குச் சொல்வதானால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அவன் அப்பா லாரியில் லோடு ஏற்றி நாக்பூர் தாண்டிப் போய்விட்டார். ஆக ஓடவேண்டியவன் மாமன்காரன் நான். ராத்திரி கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்றதும் அவன் அமிச்சி, அதாவது என் அம்மா, சுளுக்கு வழிக்கிறவரிடம் கூட்டிப்போகக் கிளம்பிவிட்டார். "ஒரு இழுப்பு இழுத்தாப் போயிரும் சாமி." வாசலிலேயே மறித்தேன். அம்மாவுக்கு என்மேல் வருத்தம்தான். ஆனால் அன்றைக்கு ஒருவர் அந்தக் கழுத்தை இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் டாக்டர் சொன்னதை இங்கே எழுதவே கை வரவில்லை.

டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள், நார்மல் என்றார்கள், பஞ்சுப் பட்டை ஒன்றைக் கழுத்தில் சுற்றி வலி மாத்திரை கொடுத்தார்கள். "நடுவிரல் மரத்தமாதிரி இருக்குதுங்க" என்று பையன் சொன்னான். "ஊசி போட்டிருக்குது, சரியாப் போயிரும்" என்றார்கள். கழுத்து எலும்பை யாரும் தொட்டு அழுத்திக்கூடப் பார்க்கவில்லை. கழுத்துக்குப் பின்னால் நடுவில் இறங்கும் எலும்பில் அழுத்தினால் வலிப்பது, விரல் மரப்பது, கைகால் பலம் குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் முறிவு இல்லை என்று நிச்சயமாகும்வரை ஆளை எழுப்பவே கூடாதாம்.

காலையில் மரப்பு கூடியிருந்தது. காரில் உட்காரவைத்துக் கூட்டிப்போகலாம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வேண்டாம் என்று 108-க்கு அடித்தேன். வந்த தம்பி கெட்டிக் காலர் மாட்டி, தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பு முறுகாமல் ஒரே அணைப்பில் புரட்டிப் பலகைக்கு மாற்றினார். இந்த ஓட்டத்தில் நான் கண்ட முதல் சரியான வேலை அது.

அரசு மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் வேறு எங்கோ போயிருந்தது. ஸ்கேன் அறைக்கு வீல்சேரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார் ஒரு ஊழியர். முடியாது என்று பலகையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். கத்தினார், கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

அங்கே இருந்த எலும்பு டாக்டர் நேற்றைய எக்ஸ்ரே ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பேனா முனையால் மேலிருந்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அதற்குக் கீழே வெறும் வெள்ளைதான். "கழுத்துல ஏழு எலும்புங்க. மீதி ரெண்டு எங்க?" பக்கவாட்டில் எடுக்கும்போது தோள்பட்டை கீழ் எலும்புகளை மறைத்துவிடுமாம். கோல்கீப்பர் பையனின் தோள் அகலமானது வேறு. கையைக் கீழே இழுத்துப் பிடித்து மறுபடி எடுத்திருக்க வேண்டும், அப்படியும் தெரியாவிட்டால் சி.டி. எடுத்திருக்க வேண்டும். ஏழும் தெரியாத படத்தைப் பார்த்துத்தான் நார்மல் என்றிருக்கிறார்கள். நீங்களும் ஃபிலிமைக் காட்டி "ஏழும் தெரியுதுங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

சி.டி.யில் ஏழாவது எலும்பின் பக்க மூட்டில் விரிசல் தெரிந்தது. எலும்பு நகரவில்லை. எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடம் நன்றாக இருந்தது. அங்கிருந்து புறப்படும் நரம்பு வீங்கியதால்தான் நடுவிரல் மரத்திருக்கிறது. ஆபரேஷன் வேண்டாம், காலர் போதும் என்று டாக்டர் சொன்னபோது அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அப்புறம் காகிதப் பாடு. முதலமைச்சர் காப்பீட்டு கவுண்டரில் "பையன் பேரு கார்டுல இல்லீங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் பெயர் இன்னும் அவன் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, வீட்டு ரேஷன் கார்டிலேயே கிடந்தது, மாற்றவே இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், பைக்கில் விழுந்ததாக எழுதச் சொல்லுங்கள், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் அரசுத் திட்டத்தில் முடிந்துவிடும் என்று யோசனை சொன்னார். அந்தத் திட்டம் சாலை விபத்துக்கு மட்டும்தான். பொய் சொன்னால் போலீஸ் விசாரணை வரும், டாக்டர் எழுதுவதும் பொய்யாகிவிடும். மாட்டேன் என்றேன். மறுநாள் கவுண்டரில் வேறொரு அம்மா இருந்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பாரு கார்டுல காப்பீட்டு அட்டை எடுத்திருக்காங்களா பாருங்க" என்றார். எடுத்திருந்தார்கள். பையன் பெயரும் அதில் இருந்தது! உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர் எந்தக் கார்டில் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

காலர் மூன்று மாதம் போல இருந்தது. கழற்றிய பிறகு கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் வைத்து எக்ஸ்ரே எடுத்து எலும்பு ஆடவில்லை என்று உறுதி செய்தார்கள். பயிற்சியாளர் தகுதிச் சான்றிதழ் கேட்டு அவசரப்படுத்துகிறார், ஆளைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிற இடமும் தெரியும் என்கிறார். அது வேண்டவே வேண்டாம் என்று அக்காவிடமும் பையனிடமும் சொல்லிவிட்டேன். ஓடலாம், பந்தைக் காலால் தட்டலாம், பாயக் கூடாது என்பதுதான் இப்போதைக்கு எலும்பு டாக்டரின் உத்தரவு. அடுத்த முறை காட்டப் போகும்போது பழைய சி.டி. டிஸ்க்கையும் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.