வாளியில் கலக்கிய செல் சவ்வு

மறுநாள் உயிரியல் தேர்வை வைத்துக்கொண்டு, செல் சவ்வு என்ற பாடத்தின் முன் கன்னத்தில் கைவைத்து அமர்ந்திருந்த மகளைக் கண்டதும், அதே பாடத்தில் ஒரு காலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் என்ற நினைப்பு எனக்குள் தலைதூக்கியது. கண்ணால் கண்டால்தான் மனத்தில் நிற்கும் என்று அறிவித்துவிட்டு, ஒரு வாளி நீரில் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தைத் தாராளமாகக் கலக்கி, பழைய கம்பி ஒன்றை வளையமாக வளைத்து அதில் முக்கி எடுத்தேன்.

தொடக்கம் நன்றாகவே அமைந்தது. உலர்ந்த விரல் பட்டதும் உடைந்த படலம், நனைத்த விரலை நுழைத்தபோது உடையாமல் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டது. விரலை எடுத்ததும் துளை இருந்த சுவடே தெரியாமல் மூடிக்கொண்டது. செல்லைச் சூழ்ந்திருக்கும் சவ்வும் இப்படித்தான், அது சுவர் அன்று, ஏறத்தாழ 7 முதல் 8 நானோமீட்டர் தடிமனே உள்ள எண்ணெய் போன்ற படலம் என்றேன். 1970-இல் ஃப்ரை, எடிடின் என்ற இருவர் மனித செல்லையும் சுண்டெலியின் செல்லையும் ஒன்றாக இணைத்தபோது, முதலில் ஆளுக்கொரு பாதியில் நின்ற சவ்வுப் புரதங்கள் சுமார் 40 நிமிடங்களில் ஒன்றோடொன்று கலந்துவிட்டதையும், 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் கொழுப்புக் கடலில் புரதங்கள் மிதக்கும் பாய்ம மொசைக் மாதிரியை முன்வைத்ததையும் நான் சொல்லச் சொல்ல, மகள் குறிப்பெடுத்தாள். நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

நிறுத்தாமல், சவ்வை உருவாக்கும் கொழுப்பான பாஸ்போலிப்பிடு மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் இரண்டு வால்களும் உண்டு, அவை இரண்டு அடுக்குகளாக நின்று தலைகளை வெளியே நீட்டி வால்களை நடுவே ஒளித்துக்கொள்ளும், இதோ இந்தச் சோப்புப் படலத்திலும் அப்படியே என்று முடித்தேன். மகள் படலத்தை உற்றுப் பார்த்தாள்.

“அப்பா, இதன் இரண்டு பக்கமும் காற்றுதானே இருக்கிறது? நீரை விரும்பும் தலை எதற்காகக் காற்றைப் பார்த்து நிற்க வேண்டும்?”

அவள் சொன்னதே சரி. சோப்புப் படலத்தில் நீர் நடுவில் சிக்கியிருப்பதால் தலைகள் உள்நோக்கியும் வால்கள் காற்றை நோக்கியும் நிற்கும்; அதாவது நான் கால்மணி நேரமாகப் பெருமையுடன் ஏந்தி நின்றது, உட்புறம் வெளியே தெரியும்படி மாற்றிப் போட்டுக்கொண்ட சட்டையைப் போன்ற ஒரு செல் சவ்வு.

இழந்த மதிப்பை மீட்கும் அவசரத்தில், சிறியவை சவ்வைக் கடந்து போகும், பெரியவை போகா என்றொரு விதியை வீசினேன். அப்படியானால் அவ்வளவு சிறிய சோடியம் அயனி வெளியே தவிக்க, அதைவிடப் பலமடங்கு பெரிய ஸ்டீராய்டு ஹார்மோன் எப்படி நேராக உள்ளே நுழைகிறது என்று புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். வால்கள் நிறைந்த நடுப்பகுதி பார்ப்பது உருவத்தை மட்டுமன்று. கொழுப்பில் கரைவது உருவில் பெரிதானாலும் கடந்துவிடும், மின்னேற்றத்துடன் நீர் மூலக்கூறுகள் சூழ வரும் அயனிக்குப் புரத வாயில் ஒன்று வேண்டும். நீரேகூடச் சவ்வின் வழியே மெதுவாகக் கசியுமே தவிர, விரைந்து பாய்வதற்கு அக்வாபோரின் என்ற தனிக் கால்வாய் இருக்கிறது. நொடிக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட நீர் மூலக்கூறுகளை விடும் அந்தக் கால்வாய், அவற்றைவிடச் சிறிய புரோட்டானை விடுவதில்லை. இந்தக் கால்வாயைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ருக்கு 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. என் விதிக்கு எதுவும் கிடைக்கவில்லை.

சோடியம்-பொட்டாசியம் பம்பை மட்டும் நான் சரியாகச் சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் அந்தப் புரதத்தைப் பற்றி நான் பேசியபோது மகளால் குறுக்கிட முடியவில்லை. அந்தத் துணிச்சலில், வாளியில் ஊறிச் சுருங்கிப்போயிருந்த என் விரல்நுனிகளை நீட்டி, நீர் சவ்வைக் கடந்து பரவும் சவ்வூடு பரவலுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்றேன்.

“விரலுக்குப் போகும் நரம்பு அறுந்துவிட்டால், எவ்வளவு நேரம் ஊறினாலும் அந்த விரல் சுருங்காதாம் அப்பா. இரத்தக் குழாய்களை நரம்பு சுருக்குவதால் வருவது இது.”

இந்நிலையில் எனக்குத் துணைக்கு வந்தவர்கள் கோர்ட்டரும் கிரெண்டலும். அந்த இரு டச்சுக்காரர்களும் 1925-இல் இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து, நீர்ப்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். பாலூட்டிகளின் சிவப்பணுவுக்குள் வேறு சவ்வுகள் இல்லை என்பதால், கிடைத்த கொழுப்பு முழுவதும் வெளிச்சவ்வின் கணக்கிலேயே சேரும். கொழுப்பின் பரப்பு சிவப்பணுக்களின் பரப்பைப்போல் இரு மடங்கு வந்தது. ஆகவே சவ்வு இரண்டு அடுக்கு என்றார்கள். பின்னாளில் பார்த்தால், அவர்கள் பயன்படுத்திய கரைப்பான் கொழுப்பை முழுமையாக எடுத்திருக்கவில்லை. சிவப்பணுவின் பரப்பையும் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள். ஒரு தவறு மற்றொன்றைச் சரிக்கட்டியதில் விடை மட்டும் சரியாக அமைந்துவிட்டது.

அறிவியலில் தவறுகள் இப்படி ஒன்றையொன்று கழித்துக்கொள்வதுண்டு என்று, சற்றே நிமிர்ந்து அவளிடம் விளக்கினேன். மகள் குறிப்பேட்டை மூடினாள்.

“அவர்கள் செய்தது இரண்டு, அப்பா. நீங்கள் செய்தது மூன்று. எப்படிக் கழியும்?”

பதில் தேடியபடியே வாளியைத் தூக்கினேன். சோப்பு நீர் சிந்திக் கிடந்த தரையில் என் கால் வழுக்கியது. மீதியிருந்த நீரும் தரைக்கே போய்ச் சேர்ந்தது.