பெஸ்ஸி கோல்மனுக்குக் கிடைக்காத விமானம்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் சென்ற முறை ஊருக்கு வந்தபோது, பையில் மிஞ்சியிருந்த சில்லறையை என் மேசைமேல் கொட்டிவிட்டுப் போனான். அவற்றுள் 2023ஆம் ஆண்டின் கால் டாலர் ஒன்றில், விமானி உடையில் வானத்தை நிமிர்ந்து பார்க்கும் ஒரு பெண்ணின் உருவமும் 6.15.1921 என்ற எண்களும் பொறிக்கப்பட்டிருந்தன. மாதத்தை முன்னால் எழுதும் அந்நாட்டு வழக்கப்படி அது 1921 ஜூன் 15. பெஸ்ஸி கோல்மன் விமானி உரிமம் பெற்ற நாள்.

அவ்வுரிமத்தைப் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் என்று அவரை எல்லோரும் அறிமுகப்படுத்துகிறார்கள். என்னை உறுத்துவது அதற்குப் பிந்தைய ஐந்து ஆண்டுகள். பறக்கக் கற்றுக்கொள்ள அவருக்கு ஏழு மாதங்கள் போதுமானதாக இருந்தது. பறப்பதற்கென்று ஒழுங்கான ஒரு விமானம் மட்டும் கடைசிவரை வாய்க்கவில்லை.

1892இல் டெக்சாஸில் பிறந்து, பருத்தி எடுத்தும் துணி வெளுத்தும் வளர்ந்த பெஸ்ஸி, கையிருப்புக் கரைந்ததால் ஒரே பருவத்தோடு கல்லூரியை விட்டார். 1915இல் சிகாகோவுக்குச் சென்று, ஒரு முடிதிருத்தகத்தில் ஆண்களுக்கு நகம் திருத்தி மெருகிடும் வேலையில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போய்த் திரும்பிய அண்ணன் ஜான், அங்கே பெண்கள் விமானம் ஓட்டுகிறார்கள், உன்னால் முடியுமா என்று சீண்டியது அவர் மனத்தில் தைத்துவிட்டது. அமெரிக்கப் பயிற்சிப் பள்ளி எதுவும் கறுப்பினப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 'சிகாகோ டிஃபென்டர்' வார ஏட்டின் நிறுவனர் ராபர்ட் ஆபட், பிரான்சுக்கே போகும்படி யோசனை சொன்னார். பெஸ்ஸி பிரெஞ்சு கற்றுக்கொண்டு, 1920 நவம்பரில் கப்பலேறினார்.

சோம் ஆற்றின் கழிமுகத்தில் உள்ள லெ குரோட்டுவா என்ற ஊரில், கோட்ரோன் சகோதரர்களின் பள்ளியில் அவர் பயின்றார். மரச்சட்டமும் துணியும் கம்பியுமாக இரண்டு அடுக்கு இறக்கைகளோடு நின்ற நியூபோர்ட் 82தான் பயிற்சி விமானம். திருப்புவதற்குச் சக்கரம் கிடையாது. கைக்கு ஒரு தடித்த கோல், காலுக்கு ஒரு குறுக்குக் கட்டை, அவ்வளவே. நிறுத்தத் தடையும் இல்லாததால், தரையிறங்கியபின் வால்பகுதியில் இருந்த சறுக்குக்கட்டை மண்ணில் உராய்ந்துதான் வேகம் குறையவேண்டும். உடன் பயின்ற ஒருவர் விபத்தில் இறந்ததைக் கண்ணால் பார்த்தும் அவர் பயிற்சியை விடவில்லை.

உரிமத்தோடு நாடு திரும்பியவருக்கு வானத்தில் சாகசம் காட்டிக் கட்டணம் வாங்குவதைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. அந்த வித்தைகளைக் கற்க 1922இல் மீண்டும் ஐரோப்பா சென்றுவந்து, செப்டம்பரில் நியூயார்க் அருகே லாங் தீவில் முதல் காட்சியை நடத்தினார். பறந்தது இரவல் விமானத்தில். மறு ஆண்டு, ராணுவம் கழித்துவிட்ட கர்டிஸ் ஜென்னி ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். கலிபோர்னியாவில் மேலெழும்பிய சற்று நேரத்திலேயே அதன் எஞ்சின் நின்றுபோக, விமானம் நொறுங்கியது. அவருக்குக் காலும் விலா எலும்புகளும் முறிந்தன. பிறகு உரை நிகழ்த்தியும் இரவல் விமானங்களில் பறந்தும் அவர் சேர்க்க முயன்ற பணம், கறுப்பின மக்களுக்கென ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி தொடங்குவதற்காக.

இத்தனை பணமுடையிலும் அவர் வளைந்துகொடுக்காததுதான் எனக்கு வியப்பு. கந்தலுடுத்தி நடிக்கச் சொன்ன ஒரு திரைப்படத்தை அவர் உதறினார். தாம் வளர்ந்த வாக்சஹாச்சி ஊரில், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி வாயில் வைத்தால் பறக்கமாட்டேன் என்று பிடிவாதமாக நின்று, ஒரே வாயிலைத் திறக்கச் செய்தார். உள்ளே இருக்கைகள் என்னவோ பிரிந்தேதான் இருந்தன.

1926இல் இன்னொரு பழைய ஜென்னி வந்து சேர்ந்தது. டாலஸிலிருந்து ஃபுளோரிடாவுக்கு அதை ஓட்டிவந்த மெக்கானிக் வில்லியம் வில்ஸ், வழியில் கோளாறுகளால் ஒருமுறைக்கு மேல் தரையிறங்க நேர்ந்தது. ஏப்ரல் 30 காலை ஜாக்சன்வில்லில் இருவரும் ஒத்திகைக்குப் புறப்பட்டார்கள். மறுநாள் பாராசூட்டில் குதிக்க ஏற்ற இடத்தை எட்டிப் பார்க்கவேண்டும் என்பதால் பெஸ்ஸி இருக்கைப் பட்டையைப் பூட்டவில்லை. திடீரெனத் தலைகுப்புறப் பாய்ந்து கவிழ்ந்த விமானத்திலிருந்து அவர் வெளியே வீசப்பட்டு இறந்தார். விமானத்தோடு விழுந்து வில்ஸும் மாண்டார். சிதைவுகளுக்குள், இயக்குகருவிகளில் சிக்கிக்கிடந்தது யாரோ மறந்து விட்டுவிட்ட ஒரு ஸ்பேனர். பெஸ்ஸிக்கு வயது 34.

சிகாகோவில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். 1931 முதல் கறுப்பின விமானிகள் ஆண்டுதோறும் அவர் கல்லறைமேல் தாழப் பறந்து பூக்களைத் தூவிச் செல்வதை வழக்கமாக்கினார்கள்.