இருபத்தொரு கிலோமீட்டரும் அரை லிட்டர் பாட்டிலும்

சேலத்தில் பங்குனி பிறந்த பிறகு காலை ஏழரைக்கு மேல் ரோட்டில் ஓடுகிறவனைப் பார்த்தால் இரண்டில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அவனுக்குப் புத்தி கெட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அவன் யாரிடமாவது காசு வாங்கியிருக்க வேண்டும். நான் இரண்டாவது வகை. சொந்தக்காரர்கள், ஆபீஸ்காரர்கள், பழைய காலேஜ் வாட்ஸ்ஆப் குரூப் என்று ஒருத்தரையும் விடாமல் "அரை மராத்தான் ஓடப் போகிறேன், டயாலிசிஸ் பண்ணிக்கொள்கிறவர்களுக்காக, முடிந்ததைக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதனால் வெயில் அடித்தாலும் ஓடித்தான் ஆக வேண்டும்.

பணம் கேட்டபோது அதிகம் வந்த கேள்வி, "டயாலிசிஸ்தான் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாச்சே, அப்புறம் எதுக்கு?" என்பதுதான். நியாயமான கேள்வி. மெஷினுக்குக் காசு இல்லை, உண்மைதான். ஆனால் வாழப்பாடிப் பக்கத்திலிருந்தோ தாரமங்கலத்திலிருந்தோ, ஏன், ஏற்காட்டு மலைக்கு மேலே இருக்கிற ஒரு கிராமத்திலிருந்தோ வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டவுனுக்கு வந்து போகிறவருக்கு பஸ் செலவு இருக்கிறது. நாலு மணி நேரம் ரத்தம் வெளியே போய் உள்ளே வந்த பிறகு பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற தெம்பு பல பேருக்கு இருக்காது, ஆட்டோ பிடிக்க வேண்டும். கூட வருகிற மனைவிக்கோ மகனுக்கோ அன்றைய கூலி போச்சு. இதெல்லாம் எந்த பில்லிலும் வராது. இதைச் சமாளிக்க முடியாமல் வாரம் மூன்றை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கி, அப்படியே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஓட்டம் அந்தப் போக்குவரத்துச் செலவுக்காக.

என் பெரியப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கிலோமீட்டருக்கு நூறு ரூபாய் தரேன். மொத்தம் எத்தனை?" என்றார். 21.0975 என்றேன். பேப்பர் எடுத்துப் பெருக்கி, 2109 ரூபாய் 75 பைசா என்று எழுதி, "முழுசா ஓடுனாத்தான். நடுவுல நின்னா எத்தனை ஓடுனியோ அத்தனைக்குத்தான்" என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ரிட்டயர்டு கூட்டுறவு வங்கிக்காரர், வேறெப்படி இருப்பார்.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்ததற்குக் காரணம் எதிர்வீட்டு அண்ணன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்த்தவர், சிறுநீரகம் போய் இப்போது வீட்டில் இருக்கிறார். இடது கையில் ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள், அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக தமனியையும் சிரையையும் சேர்த்து ஒரு இணைப்பு. நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கும், அதன் மேல் விரலை வைத்தால் உள்ளே கிர்ரென்று ஒரு அதிர்வு ஓடிக்கொண்டே இருப்பது தெரியும். தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அதிர்வு இருந்தால் சரி, நின்றுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஆனால் அவர் படுகிற பெரிய பாடு ஊசி இல்லை, தாகம். அவருக்கு சிறுநீர் அநேகமாக இறங்குவதே இல்லை. உள்ளே போகிற தண்ணீர் அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே நிற்கும், அதிகமானால் நுரையீரலில் கோத்து மூச்சு முட்டும். அதனால் காலையில் ஒரு அரை லிட்டர் பாட்டிலை நிரப்பி ஜன்னல் மேடையில் வைத்துவிடுவார். மாத்திரை போட, தொண்டையை நனைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். காப்பியும் ரசமும் தனிக் கணக்கு, அதையும் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், டம்ளரில் அளந்துதான் ஊற்றுவார். மத்தியானம் மூன்று மணிக்கு ஓடு சுடுகிற நேரத்தில் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு அது கரைகிற வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார். சில நாள் தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துவிட்டுத் துப்புவார். சேலத்து வெயிலில், வருஷம் முழுக்க.

சரி, ஓட்டத்துக்கு வருவோம்.

காந்தி ஸ்டேடியம் பக்கத்தில் ஆரம்பித்து, அஸ்தம்பட்டி, கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி வழியாக ஏற்காடு அடிவாரம் போய்த் திரும்ப வேண்டும். தூரம் சரிக்கட்ட நடுவில் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு வளைவு வைத்திருந்தார்கள். நோட்டீசில் ஆரம்ப நேரம் ஐந்தரை மணி. ஐந்தரைக்கு எல்லோரும் கோட்டில் நின்றோம். கொடியசைக்க வேண்டியவர் வரவில்லை. மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து விளையாட்டின் மகத்துவத்தைச் சொன்னார். இன்னொருவர் வந்து சிறுநீரகத்தின் மகத்துவத்தைச் சொன்னார். ஜும்பா ஆடச் சொன்னார்கள், ஆடினோம். கொடி அசைந்தபோது ஆறு இருபத்தைந்து, சூரியன் முழுசாக மேலே வந்துவிட்டது.

ஒரு மணி நேரம்தானே என்று தோன்றும். இந்த ஊரில் இந்த மாதத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் மொத்த ஓட்டமும். முந்தின நாள் பகல் 38 டிகிரி. ஐந்தரைக்கு விட்டிருந்தால் என் மாதிரி மெதுவாக ஓடுகிறவர்கள்கூட எட்டேகாலுக்குள் வந்து சேர்ந்திருப்போம். இப்போது கடைசி ஆறேழு கிலோமீட்டர், அதாவது கால் ஏற்கெனவே செத்துப்போயிருக்கிற பகுதி, எட்டு மணிக்கு மேல் நிழல் இல்லாத தார் ரோட்டில்.

வெயிலில் ஓடும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது எளிமையான கணக்குதான். ரத்தம் இரண்டு இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. வேலை செய்கிற தசைக்குப் போக வேண்டும், சூட்டை வெளியே தள்ள தோலுக்கும் போக வேண்டும். வியர்த்துக் கொட்டக் கொட்ட ரத்தத்தின் அளவு குறைகிறது, இதயம் அதை ஈடுகட்ட வேகமாக அடிக்கிறது. அதனால்தான் அதே வேகத்தில் ஓடினாலும் போகப் போக நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். வியர்த்தால் மட்டும் உடம்பு குளிராது, அந்த வியர்வை ஆவியாக வேண்டும். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மராத்தானும் இப்படி ஒரு வெயில் நாளில்தான் நடந்தது. போர்ச்சுகலின் பிரான்சிஸ்கோ லாசரோ வெயிலுக்குப் பாதுகாப்பு என்று உடம்பில் மெழுகு பூசிக்கொண்டு ஓடியதாகச் சொல்வார்கள், வழியில் விழுந்தவர் மறுநாள் இறந்துபோனார். அதே ஓட்டத்தில் ஜப்பானின் ஷிசோ கனகுரி பாதியில் முடியாமல் ஒரு வீட்டில் ஒதுங்கி, குடிக்க வாங்கிக் குடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார். 1967இல் அவரைத் திரும்ப அழைத்து மீதியை முடிக்க வைத்தார்கள். 54 வருஷத்துக்கு மேல் ஆன மராத்தான். வெயில் நாளில் எனக்குப் பிடித்த ஓட்டக்காரர் கனகுரிதான்.

அடிவாரம் வரை லேசான ஏற்றம். ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். எதிரே சேர்வராயன் மலை பச்சையும் நீலமுமாக நிற்கிறது. மேலே 1500 மீட்டரில் இந்நேரம் யாரோ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். நமக்கோ கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கிற இடத்தில் கையில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, திரும்பிப் போ என்கிறார்கள். பந்தியில் உட்கார வைத்து இலை போட்டுவிட்டு எழுப்பிவிட்டது போலத்தான் இருந்தது.

திரும்பினதும் வெயில் இடது கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. தண்ணீர் மேசையில் ஒரு கப்பை வாங்கிப் பாதியைக் குடித்து, மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். அடுத்த மேசையிலும் அப்படியே. பிடரியில் ஊற்றினால் ஒரு நிமிஷம் சொர்க்கம், அப்புறம் மறுபடி அடுப்பு. மூன்றாவது மேசையில் ஊற்றிக்கொள்ளும்போதுதான் கணக்குப் போட்டேன், அண்ணனின் ஒரு நாள் பாட்டிலை நான் தலையிலேயே காலி பண்ணியிருந்தேன். ஊற்றுவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் மட்டும் அந்தத் தண்ணீர் அவர் வாய்க்கா போகப் போகிறது.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு வீட்டு வாசலில் ஒரு அக்கா எவர்சில்வர் அண்டாவில் மோர் வைத்துக்கொண்டு நின்றார். இது ஏற்பாட்டாளர்கள் வைத்தது இல்லை, அவராகவே வைத்தது. உப்பு தூக்கலாக, கொத்தமல்லி போட்டு, கொஞ்சம் இஞ்சி தட்டி. "மெதுவா குடி கண்ணு, யாரு தொரத்தறாங்க" என்றார். அன்றைக்கு வழியில் கிடைத்ததிலேயே உருப்படியான பானம் அதுதான். மணிக்கணக்கில் வியர்த்துக் கொட்டுகிறவன் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி அதுவே ஆபத்தாகிவிடும், உப்பும் சேர்ந்து போக வேண்டும். மேசைகளில் இருந்ததோ வெறும் தண்ணீர், ஓஆர்எஸ் தீர்ந்துவிட்டது என்றார்கள். எனக்கு உப்பு மருந்து, அண்ணனுக்கு அதே உப்பு தாகத்தைக் கிளப்புகிற எதிரி. ஊறுகாய் ஜாடியை அண்ணன் வீட்டு அக்கா பரணிலேயே ஏற்றிவிட்டார்.

கோரிமேடு தாண்டும்போது இடது கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. கத்திவிட்டேன். டயாலிசிஸில் தண்ணீரை வேகமாக எடுக்கும்போது அண்ணனுக்கும் இது வரும், அவர் சொல்லிக்கொடுத்திருந்தார்: "கட்டைவிரலப் பிடிச்சு மொகத்தப் பாத்து இழு, தேய்க்காத." ரோட்டோரத்தில் ஒரு பெட்டிக்கடை வாசலில் உட்கார்ந்து ஷூவோடு முன்பாதத்தைப் பிடித்து இழுத்தேன், விட்டது. அங்கிருந்து ஓட்டம், நடை, ஓட்டம். எனக்கு முன்னால் போன காலேஜ் பையன் ஒருவன் கோணலாக ஓட ஆரம்பித்தான், பெயர் கேட்டால் வேறென்னவோ சொல்கிறான். குழப்பம் வந்தால் அது வெறும் களைப்பு இல்லை, சூடு மூளைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். முதலில் குளிர வைக்க வேண்டும், தூக்கிக்கொண்டு போவதெல்லாம் அப்புறம். நானும் இன்னும் இரண்டு பேரும் அவனை நிழலில் படுக்க வைத்து, பெட்டிக்கடைக்காரர் கொண்டுவந்த குடத்தை அப்படியே அவன் மேல் கவிழ்த்து, ஐஸ் பெட்டியிலிருந்ததை அக்குளிலும் கழுத்திலும் வைத்து விசிறினோம். ஆம்புலன்ஸ் வரும்போது பெயரைச் சரியாகச் சொன்னான். நன்றாகவே இருக்கிறான், சாயங்காலம் அவன் அம்மா போன் செய்து அழுதார்.

முடித்தபோது ஒன்பதரை. பெரியப்பாவுக்கு பைசா பாக்கியில்லாமல் கணக்கு முடிந்தது.

முடிவுக் கோட்டில் ஷாமியானா போட்டு, யாருக்காக ஓடினோமோ அவர்களில் பத்துப் பதினைந்து பேரை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். எதிர்வீட்டு அண்ணனும் அதில் இருந்தார். காலை ஐந்து மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள், சிறப்பு விருந்தினரோடு போட்டோ எடுக்க. துணி கூரை, கீழே தகரச் சேர், நாலரை மணி நேரம். அதைவிட, ஆளுக்கொரு இளநீரை வெட்டிக் கையில் கொடுத்திருந்தார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். நமக்கு அது சிறுநீரில் போய்விடும், இவர்களுக்கு ரத்தத்திலேயே ஏறி இதயத்துடிப்பை நிறுத்துகிற அளவுக்குப் போகலாம். டயாலிசிஸ் ஆரம்பித்த முதல் வாரமே சொல்லிவிடுகிற விஷயம் இது: இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, சேலத்துக்காரனுக்கு அதைவிடக் கொடுமை, மாம்பழம் கூடாது. பாதிப் பேர் வாங்கிக் காலடியில் வைத்திருந்தார்கள், மறுத்தால் மரியாதையாக இருக்காதே என்று. ஒரு பெரியவர் ஸ்ட்ராவை வாயில் வைத்தே விட்டார். அண்ணன்தான் எட்டிப் பிடுங்கினார்.

டீ-ஷர்ட் போட்ட ஒருவரிடம் போய்ச் சொன்னேன், ஆரம்ப நேரத்தைப் பற்றியும் சேர்த்து. "நல்ல காரியத்துக்காகப் பண்றோம் சார், சின்னச் சின்னதப் பெரிசு பண்ணாதீங்க" என்றார். இந்த வாக்கியம்தான் எனக்கு ஆகவே ஆகாது. காசு வாங்கிக்கொண்டு நடத்துகிற ஓட்டமாக இருந்தால் இந்நேரம் நாலு பேர் சட்டையைப் பிடித்திருப்பார்கள். நல்ல காரியம் என்று ஒரு பேனர் கட்டிவிட்டால் பையன் மயங்கி விழுவதும் சின்ன விஷயம், நோயாளி கையில் இளநீர் கொடுப்பதும் சின்ன விஷயம். அடுத்த வருஷமும் ஓடுவேன், ஆனால் கொடி ஐந்து மணிக்கு அசைய வேண்டும், அதை ஒரு டயாலிசிஸ் நர்ஸ் அசைத்தால் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. நான் திரட்டின பணம் நேராக நோயாளிகளுக்குப் பயணப்படியாகப் போவதை மட்டும் ரசீது வாங்கி உறுதிசெய்துகொண்டேன்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். "எத்தன நேரம் ஓடுன?" என்றார். மூன்று மணி நேரம் அஞ்சு நிமிஷம் என்றேன். "நான் வாரத்துக்கு மூணு தடவ நாலு மணி நேரம் படுத்துக் கெடக்கேன், எனக்கு ஒருத்தனும் மெடல் குடுக்கல" என்று சிரித்தார். சரி, வைத்துக்கொள்ளுங்கள் என்று என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார், ஓரத்தை நகத்தால் சுரண்டினார், வெளிச்சத்தில் திருப்பினார்.

"துத்தநாகம். பாலிஷும் சரியில்ல. நீயே வச்சுக்க."