மூன்று புடவைக்கு ஒரே நெயில் பாலிஷ்

சித்தி மகள் கல்யாணத்துக்கு மூன்று புடவை எடுத்து வைத்தாயிற்று. நலங்குக்கு மாம்பழ மஞ்சள், முகூர்த்தத்துக்கு அரக்கு, ரிசப்ஷனுக்கு மயில்கழுத்து. ஒன்றரை நாளில் மூன்று தடவை நெயில் பாலிஷை அழித்து அழித்துப் போட எனக்குப் பொறுமை கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று தேடப்போய்த்தான் பிரெஞ்சு மேனிக்யூரில் விழுந்தேன். அடியில் வெளிர் ரோஸ், நுனியில் மட்டும் வெள்ளைக் கோடு.

இது பிறந்ததே இந்தத் தலைவலிக்காகத்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. பெயரில் பிரான்ஸ் இருந்தாலும் பிறந்த ஊர் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ். நடிகைகள் உடை மாற்றும்போதெல்லாம் நகச் சாயத்தையும் மாற்ற வேண்டியிருந்ததால் படப்பிடிப்பில் நேரம் போனது. எந்த உடைக்கும் பொருந்துகிற ஒரு பூச்சாக, 1970-களில் ஓர்லி என்ற நகப்பூச்சு நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் பிங்க் இதைக் கொண்டுவந்தார். அதை பாரிஸ் ஃபேஷன் மேடைக்கும் எடுத்துப் போனார்; பெயரும் அப்படித்தான் வந்தது. ஹாலிவுட்டுக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் ஒரே பிரச்சினை என்று தெரிந்ததில் எனக்கு அற்ப சந்தோஷம்.

கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. ஃபேன்சி ஸ்டோரில் வெள்ளை பாலிஷ் ஒன்று, கண்ணாடி மாதிரி தெரிகிற ரோஸ் ஒன்று, எல்லாவற்றுக்கும் அடியில் பூசுகிற பேஸ் கோட், கடைசியில் மேலே பூசுகிற டாப் கோட், பாலிஷை அழிக்கிற ரிமூவர் வாங்கினேன். நுனிக்கு ஒட்டுகிற பிறை வடிவ ஸ்டிக்கர் ஒரு அட்டையும் வாங்கினேன். அந்த அட்டையைத்தான் ரொம்ப நம்பினேன்.

முதல் ஞாயிறு. பார்லரில் செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் வெந்நீரில் ஷாம்பூ விட்டுக் கையைப் பதினைந்து நிமிடம் ஊறவைத்தேன். துடைத்தேன், ரோஸ் போட்டேன், ஐந்து நிமிடம் கழித்து ஸ்டிக்கரை ஒட்டி வெள்ளையைத் தடவினேன். ஸ்டிக்கரை உரித்தபோது அடியில் இருந்த ரோஸும் கூடவே உரிந்து வந்தது. உரியாத விரல்களில் வெள்ளை ஸ்டிக்கருக்கு அடியில் கசிந்து, கரை உடைந்த வாய்க்கால் மாதிரி நின்றது. அம்மா காபி கொண்டுவந்தவள் பார்த்துவிட்டு, "என்னடி, வெத்தலைக்குச் சுண்ணாம்பு எடுத்த கையைக் கழுவலையா?" என்று கேட்டாள்.

மிஞ்சியதும் செவ்வாய்க்கிழமைக்குள் ஏடு ஏடாகக் கழன்றுவிட்டது. காரணம் ஊறவைத்ததுதான். நகம் தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் விரியும். காய்ந்ததும் பழைய அளவுக்குச் சுருங்கும். மேலே இருக்கும் பூச்சு அதோடு சேர்ந்து சுருங்காது, பிடியை விட்டுவிடும். அன்றிலிருந்து ஊறவைப்பதே கிடையாது. பாலிஷ் போடுவதற்கு முன்னால் பஞ்சில் ரிமூவரைத் தொட்டு, வெறும் நகத்தையே ஒரு தரம் துடைத்துவிடுகிறேன். நகத்தில் இருக்கிற எண்ணெய்ப் பசை போனாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது ஞாயிறு ஸ்டிக்கரைத் தூரப் போட்டுவிட்டுக் கையாலேயே வரைந்தேன். இங்கேதான் மருதாணி குறுக்கே வந்தது. ஆடி மாதம் அரைத்து விரலுக்கெல்லாம் தொப்பி வைத்திருந்தேன். தோலில் பத்து நாளில் போய்விட்டது. நகத்தில் ஏறிய சிவப்பு அப்படிப் போகாது; வளர்ந்து, வெட்டித்தான் தீர வேண்டும். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். ஆக மூன்று மாதம் கழித்து ஐப்பசியில் என் நகங்களில் கீழே முக்கால் பாகம் வெறும் நகம், நுனியில் மட்டும் ஆரஞ்சு. மருதாணி தானே ஒரு பிரெஞ்சு மேனிக்யூர் போட்டு வைத்திருந்தது! வளைவு மட்டும் தலைகீழ். விரலை நிமிர்த்திப் பிடித்தால் நகத்தின் அடியோரம் நடுவில் கீழே இறங்கியிருக்கும். மருதாணிக் கோடு அந்த வளைவோடு அப்படியே மேலேறி வந்திருந்தது. வெள்ளைக் கோடோ நடுவில் உயர்ந்து இரண்டு ஓரத்திலும் தாழ வேண்டும். நான் வெள்ளையைப் போட்டதும் அதற்குக் கீழே ஒரு ஆரஞ்சுப் பிறை எட்டிப் பார்த்தது. மேலே வெளிர் ரோஸைத் தடவினால் காவி. கண்ணாடி மாதிரி இருக்கிற ரோஸை விட்டுவிட்டு, பால் கலந்தது போன்ற ரோஸ் ஒன்றை வாங்கி இரண்டு கோட் கொடுத்த பிறகுதான் அது அடங்கியது.

மூன்றாவது வாரம் முழுக்க அந்த வளைவோடுதான் சண்டை. மார்கழியில் வாசலை அடைத்துக் கோலம் போடுகிறவள் நான். ஒரு சின்னக் கோடு என்ன பெரிது என்ற திமிர் இருந்தது. ஆனால் கோலத்தில் தரை அசையாமல் கிடக்கும், கை நகரும். இங்கே அந்தப் பழக்கம் காலை வாரிவிட்டது. பிரஷ்ஷை வளைத்து வளைத்து இழுத்தால் கோடு நடுங்குகிறது. பிரஷ்ஷை நகத்தின் ஒரு மூலையில் லேசாக வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, விரலைத்தான் உருட்ட வேண்டும். இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு நகம் சுழன்று போனால் வளைவு தானாக விழுகிறது. இடது கையால் வலது கைக்குப் போடும்போது இதை விட்டால் வேறு வழியே இல்லை. என் இடது கைக்கு பிரஷ்ஷைப் பிடிக்கத்தான் தெரியும், நகர்த்தத் தெரியாது.

இரண்டு முழங்கையும் மேஜையில் ஊன்றியிருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தியிருக்க வேண்டும். பாட்டிலைக் குலுக்கக்கூடாது, குலுக்கினால் காற்று உள்ளே போய் நகத்தில் கொப்புளம் கொப்புளமாக நிற்கிறது. உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மத்து கடைவது போல உருட்டினால் போதும்.

அப்படியும் கோடு பிசிறத்தான் செய்யும். அதற்குப் பழைய ஐலைனர் பிரஷ் ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறேன். ரிமூவரில் நனைத்து, துணியில் ஒற்றி, வெள்ளை ஈரமாக இருக்கும்போதே அதன் கீழ் ஓரத்தில் ஒரு இழுப்பு. இதற்காகவே வரிசையை மாற்றிக்கொண்டேன்: பேஸ் கோட், அதன்மேல் வெள்ளை நுனி, அது காய்ந்த பிறகு மேலே ரோஸ். ரோஸ் முதலில் இருந்தால் திருத்தப் போகிற பிரஷ் அதையும் கரைத்துக் குழி பறித்துவிடுகிறது. வெள்ளைக்கு மேலே ரோஸ் போர்த்தும்போது, அந்தச் சுண்ணாம்பு வெளுப்பும் தணிந்து பால்பல் நிறத்துக்கு வருகிறது. அம்மாவின் வெற்றிலைக் கிண்டலும் அந்த வாரத்தோடு நின்றது.

இன்னொன்று, கோட்டின் அகலம். என் நகம் குட்டை. விரல் நுனியைத் தாண்டி 2 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். படங்களில் இருக்கிற மாதிரி அகலமாகப் போட்டபோது விரல் பாதியாக வெட்டுப்பட்டது போல இருந்தது. நூல் கனத்துக்குப் போட்டதும்தான் விரல் நீளமாகத் தெரிந்தது.

நான்காவது வாரம் போட்டது உருப்படியாக வந்தது, பத்து விரலிலும். ராத்திரி பத்து மணிக்கு முடித்துவிட்டுப் பதினொன்றுக்குப் படுத்தேன். காலையில் பார்த்தால் எட்டு விரலில் போர்வையின் நெசவு அச்சு. தொட்டால் ஒட்டவில்லை என்பதை வைத்துக் காய்ந்துவிட்டது என்று நினைத்திருக்கிறேன். மேல்தோல்தான் காய்ந்திருந்தது, உள்ளே இருக்கிற கரைப்பான் முழுக்க ஆவியாகப் பல மணி நேரம் எடுக்கிறது, அதிலும் நான்கு கோட் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இப்போதெல்லாம் மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தால் ராத்திரி தோசை வார்க்கும் வரை கையை எதிலும் வைப்பதில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் போட்டேன். நலங்கில் எல்லாருமாக மஞ்சள் பூசினோம். பூசும்போது யோசிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டுப் பார்த்தால் வெள்ளை நுனி பத்தும் எலுமிச்சை நிறம். சோப்புப் போட்டுத் தேய்த்தும் அசையவில்லை. மஞ்சளின் சாயம் தண்ணீரில் கரைகிற ஜாதி இல்லை. எண்ணெயில் கரையும் என்பதால் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் துடைத்தேன், கொஞ்சம் போனது. மிச்சத்துக்கு அம்மாவின் வேட்டிக் கறை வைத்தியம். மண்டபத்து மொட்டை மாடியில், பந்தல்காரர்கள் பார்க்கப் பார்க்க, இரண்டு கையையும் அப்பளம் மாதிரி வெயிலில் காட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் பட்டால் மஞ்சள் சாயம் வெளிறிவிடும். முழுசாகப் போகவில்லை, ஆனால் முகூர்த்தத்தில் அரக்குப் புடவையோடு பார்த்தபோது, வேண்டுமென்றே போட்ட தந்த நிறம் மாதிரி இருந்தது. சித்தி மகளே, "அக்கா, இது என்ன ஷேடு?" என்று கேட்டாள். மஞ்சள் என்று சொல்லவில்லை.

மயில்கழுத்துக்கும் அதே நகம்தான் போனது. ஊருக்கு வந்து ஆறாம் நாள் தேங்காய் துருவும்போது வலது கட்டைவிரலில் ஒரு மூலை பெயர்ந்தது. மற்ற ஒன்பதும் இன்னும் இருக்கிறது. ஆரஞ்சு நுனியை இந்த வாரம் வெட்டிவிடுவேன். அடுத்த தடவை பழைய கண்ணாடி ரோஸையே போட்டுப் பார்க்க வேண்டும்.