பாலாற்று மணலில் ஸ்வே பார் வேண்டுமா?

ஞாயிறு காலை விரிஞ்சிபுரம் பக்கம் பாலாற்று மணலில் 1/10 அளவு ரிமோட் பக்கியை (மணல், மண் தரையில் ஓட்டும் சின்ன ரேஸ் கார்) ஓட்டிக்கொண்டிருந்தோம். அண்ணன் மகன் கேட்டான்: "சித்தப்பா, ஸ்வே பார் போட்டா வண்டி சாயாதே, ஏன் கழட்டி வச்சிருக்கீங்க?"

வீட்டுக்கு வந்ததும் பின்பக்கப் பாரை மாட்டி, ஒரு சக்கரத்தை மட்டும் விரலால் தூக்கிக் காட்டினேன். மறுபக்கச் சக்கரமும் கூடவே எழும்பியது. விஷயமே இதுதான். இடது, வலது சஸ்பென்ஷனைப் பிணைக்கும் வளைந்த கம்பி அது. திருப்பத்தில் சாய்வைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் ஒரு டயர் கல்லில் ஏறினால் மற்ற டயரின் பிடியும் தளரும். பிடியே கிடைக்காத மணலில் அது பெரிய இழப்பு.

கார்பெட் விரித்த ரேஸ் தடம், இறுகிய களிமண் தடம் என்றால் கதை வேறு. அங்கே டயர் அதிகமாகப் பிடித்து வண்டி கவிழும், பார் கட்டாயம் வேண்டும். முன்னால் தடித்த கம்பி போட்டால் திரும்புவது மந்தமாகும், பின்னால் போட்டால் வால் வீசும். 1.2 மி.மீ. கம்பியை 1.4 ஆக்குவது சின்ன மாற்றம் இல்லை, விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும்.

அப்புறம், பாரின் முனையில் இருக்கும் பால் ஜாயின்ட்டில் (உருண்டை மூட்டு) மணல் புகுந்தால் பார் இறுகிக்கொள்ளும். ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை தன் எடையிலேயே கீழே விழுகிறதா என்று பாருங்கள்.

அடுத்த ஞாயிறு காட்பாடியில் ஒரு சிமெண்ட் தரை பார்த்திருக்கிறோம். அங்கே முன்னால் 1.2 மாட்டி ஓட்டப்போகிறோம்.